மோரல் (1982): பார்த்தவர்களும் பாதியில் நிறுத்தியவர்களும் கேட்டவை

பிலிப்பைன்ஸ் சினிமா என்று பேச்சு வந்தால் நான் முதலில் சிபாரிசு செய்வது ‘மோரல்’ படத்தைத்தான். பார்த்து முடித்தவர்கள் கேட்பதும், பாதியில் நிறுத்திவிட்டுத் திட்டுகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதற்கு ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். முடிவைச் சொல்லவில்லை. நடுவில் நடப்பவை சில வந்து விழும், பரவாயில்லை என்றால் மேலே படியுங்கள்.

இது யாரோட படம்? பேரே கேள்விப்பட்டதில்லையே?

இயக்கியவர் மரிலூ டியாஸ்-அபாயா. எழுதியவர் ரிக்கி லீ. ஒளிப்பதிவு மரிலூவின் கணவர் மனோலோ அபாயா. 1982 டிசம்பரில் மணிலா பெருநகரத் திரைப்பட விழாவில் வெளிவந்தது. கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிப் புத்தாண்டு தாண்டும்வரை மணிலா தியேட்டர்களில் உள்நாட்டுப் படங்கள் மட்டுமே ஓடும் விழா அது. நம் ஊர்ப் பொங்கல் ரிலீஸ் மாதிரி, ஆனால் வெளிநாட்டுப் படத்தின் போட்டி இல்லாமல்.

மரிலூ 1955-இல் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸிலும் லண்டனிலும் சினிமா படித்துவிட்டு ஊர் திரும்பி 1980-இல் முதல் படம் எடுத்தார். ‘மோரல்’ எடுத்தபோது வயது 27. பின்னாளில் ‘ஹோசே ரிசால்’ (1998), ‘முரோ-அமி’ (1999) என்று பெரிய படங்கள் செய்தார். 2012-இல் புற்றுநோயால் காலமானார். 2022-இல் பிலிப்பைன்ஸ் அரசு அவருக்கு மறைவுக்குப் பிந்தைய தேசியக் கலைஞர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு ரிக்கி லீக்கும் அதே பட்டம்.

கதையை ஒரு வரியில சொல்லுங்களேன்.

பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் பழகிய நான்கு தோழிகள், சில ஆண்டுகளில் ஆளுக்கொரு பக்கம் அடிபட்டு, அடிக்கடி ஒன்றுகூடுகிறார்கள். இதற்கு மேல் சுருக்கினால் ஒன்றும் மிஞ்சாது.

நாலு பேரையும் குழப்பிக்கிறேன். யார் யாரு?

முதல் அரை மணி நேரத்தில் எல்லோரும் குழம்புகிறார்கள். ஜோயியாக வருபவர் லோர்னா தொலென்டினோ. போதைப்பொருள் பழக்கம், வந்தவனோடு போகும் வாழ்க்கை, அம்மாவோடு தீராத பகை. அவள் உண்மையில் விரும்புவது ஜெர்ரி என்ற அரசியல் போராளியை. அவனுக்கோ இவள் மேல் அந்த மாதிரி எண்ணம் இல்லை. கேத்தியாக ஜீனா அலஹார். பாடகியாகிவிட வேண்டும் என்ற வெறி உண்டு, குரல்தான் இல்லை.

சில்வியாவாக சாண்டி அண்டோலோங். ஒரு குழந்தையோடு தனியே வாழ்பவள். கணவன் ராபர்ட் இவளை விட்டுப் போனது இன்னொரு பெண்ணுக்காக அல்ல, செல்சோ என்ற ஆணுக்காக. மாரிடெஸாக அன்னா மாரின். கவிதை எழுத ஆசைப்பட்டவள். டோடோ என்பவனைக் கட்டிக்கொண்டு, மாமியார் வீட்டில் பிள்ளை மேல் பிள்ளையாகப் பெற்றுக்கொண்டிருக்கிறாள்.

குழப்பம் தீர ஒரு வழி: முகத்தை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள். எப்போதும் ஆள் கூட்டம் நிறைந்த வீடு மாரிடெஸுடையது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்ற மூவரும் தானாகப் பிரிந்து தெரிவார்கள்.

எந்த மொழி? சப்டைட்டில் இருக்கா? எங்கே பார்க்கிறது?

தகாலோக் மொழி, நடுநடுவே ஆங்கிலம் கலந்து பேசுவார்கள். ஏபிஎஸ்-சிபிஎன் நிறுவனம் பழைய பிலிப்பைன்ஸ் படங்களைச் சீரமைக்கும் ‘சாகிப் பெலிகுலா’ என்ற திட்டத்தில் இதையும் டிஜிட்டலில் மீட்டிருக்கிறது. ஆங்கில சப்டைட்டிலோடு அந்தப் பிரதியைத் தேடுங்கள். பழைய வீடியோ டேப்பிலிருந்து ஏற்றிய மங்கல் பிரதியைத் தயவுசெய்து தொடாதீர்கள். இரவுக் காட்சிகளில் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாது. ஒளிப்பதிவாளரின் பாதி வேலை அதில் காணாமல் போய்விடும்.

பிள்ளைகளோட உட்கார்ந்து பார்க்கலாமா?

வேண்டாம். உடலுறவு, போதை, வன்முறை எல்லாம் உண்டு. கல்லூரி வயதுப் பெண்ணோடும் பையனோடும் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

அந்த ஊர் அரசியல் ஒண்ணும் தெரியாது. தெரியாம பார்த்தா புரியுமா?

புரியும். தெரிந்துகொண்டு பார்த்தால் ஜெர்ரியின் பகுதி கூடுதலாகக் கனக்கும். அப்போதைய அதிபர் மார்கோஸ் 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். 1981 ஜனவரி 17 அன்று அதை விலக்கிக்கொண்டதாக அறிவித்தார். அறிவிப்புதான் வந்தது, அதிகாரம் அவர் கையை விட்டுப் போகவில்லை. மாணவர்கள் காணாமல் போவதும், காட்டில் இருந்த கெரில்லாக்களோடு போய்ச் சேர்வதும் தொடர்ந்த காலத்தில்தான் படம் வந்தது. கதை நடப்பதும் அதே காலத்தில்.

ரிக்கி லீக்கு இது கேள்விப்பட்ட சங்கதி அல்ல. எழுபதுகளில் அவரே போராளி. ஃபோர்ட் போனிஃபாசியோ ராணுவச் சிறையில் இருந்தவர். அப்படிப்பட்டவர் தன் போராளியைக் கதாநாயகனாக்காமல் ஓரத்தில் நிறுத்திவிட்டு, அவனை ஒருதலையாக விரும்பும் பெண்ணை நடுவில் வைத்தார் பாருங்கள், அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜோயிக்கு என்னதான் பிரச்சினை? வசதியான வீட்டுப் பொண்ணு, ஏன் இப்படி அழிச்சுக்கிறா?

அம்மாவின் நடிப்பைக் கவனியுங்கள். ஜோயியின் அம்மாவாக வருபவர் லாரிஸ் கில்யென். அவரே ஒரு இயக்குநர். ‘மோரல்’ வருவதற்கு ஓராண்டு முன் ‘சலோமே’ என்ற படத்தை இயக்கியிருந்தார். அதை எழுதியவரும் ரிக்கி லீ, கதாநாயகி நம் கேத்தி ஜீனா அலஹார். எல்லோரும் ஒருவர் படத்தில் இன்னொருவர் வேலை செய்யும் சின்ன வட்டம்.

இந்த அம்மா திரையில் நாம் பழகிய தியாக அம்மா இல்லை. தனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும் என்று நினைக்கும் பெண். மகள் அதை மன்னிக்கத் தயாராக இல்லை. சுதந்திரமாக வாழும் ஜோயி, அம்மாவிடம் மட்டும் பழைய பாணி அம்மாவை எதிர்பார்க்கிறாள். இந்த முரணைப் படம் சுட்டிக்காட்டி வகுப்பெடுப்பதில்லை. இருவரையும் ஒரே அறையில் விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இன்னொன்று, நீட்டா. ஜெர்ரி நேசிக்கும் பெண் அவள்தான். சாதாரணமாக இந்த இடத்தில் சக்களத்திச் சண்டை வந்திருக்கும். இங்கே அந்த உறவு வேறு திசையில் போகிறது. எப்படி என்பதைப் படத்திலேயே பாருங்கள்.

கேத்திக்குப் பாடவே வரலை. அப்புறம் எப்படி மேலே வர்றா? நம்பற மாதிரி இல்லையே?

நம்ப முடியவில்லையா? சரி, சினிமா உலகத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கிறீர்கள். மேலே வர அவள் கொடுக்கும் விலை அவள் உடம்பு. அதைத் தெரிந்தேதான் கொடுக்கிறாள். படத்திலேயே சிரிப்பு வருகிற பகுதியும் இதுதான், வயிற்றைப் பிசைகிற பகுதியும் இதுதான்.

அன்றைய பிலிப்பைன்ஸ் சினிமாவில் பெண் உடம்பைக் காட்டியே காசு பார்க்கும் படங்கள் குவிந்திருந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் அவற்றை ‘போம்பா’ படம் என்பார்கள், பிறகு ‘போல்ட்’ படம் என்றார்கள். அதே தொழிலுக்குள் இருந்துகொண்டு அதே தொழிலைப் பற்றி மரிலூ சொல்லும் கதை இது. ஜீனா அலஹார் குழந்தை நட்சத்திரமாக வந்தவர், அந்த உலகத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர். அதனாலோ என்னவோ, கேத்தியைக் கேலிப் பொருளாக்காமல் நடித்திருக்கிறார். நான்கு பேரில் எனக்குப் பிடித்தவள் அவள்தான் என்று சொன்னால் பலர் முறைக்கிறார்கள்.

செல்சோவைக் கெட்டவனா காட்டியிருந்தா கதை இன்னும் நல்லா நின்றிருக்குமே?

நின்றிருக்காது. அறுபதுகளின் இறுதியிலிருந்தே பிலிப்பைன்ஸ் திரையில் பெண் தன்மை கொண்ட ஆண் என்றால் சிரிப்புக்குத்தான். நகைச்சுவை நடிகர் டோல்ஃபி 1969-இல் நடித்த ‘ஃபாசிஃபிகா ஃபலேஃபே’ அந்த வகையைப் பெரிய அளவில் பிரபலமாக்கியது. 1970-இல் லினோ ப்ரோக்கா ‘துபோக் சா கிந்தோ’ எடுத்து இந்த வாழ்க்கையைச் சோகமாகக் காட்டினார். சிரிப்பு, இல்லாவிட்டால் சோகம். இரண்டும் இல்லாமல் சாதாரணமாக ஒரு ஆள், சாதாரணமாக ஒரு காதல் என்று காட்டியதில்தான் ‘மோரல்’ தனித்து நிற்கிறது.

சில்வியாவுக்கும் செல்சோவுக்கும் இடையில் மெல்ல ஒரு சிநேகம் வளர்கிறது. இருவருக்கும் பொதுவாக இருப்பது ராபர்ட், அவன் கொடுத்த வலி. தன் கணவனைப் பறித்தவனிடமே மனம் விட்டுப் பேச ஒரு பெண்ணால் முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை கேளுங்கள்.

சில்வியா விவாகரத்து வாங்கிட்டுப் போய் வேற வாழ்க்கையைப் பார்க்க வேண்டியதுதானே?

வாங்க முடியாது. அன்றும் முடியாது, இன்றும் முடியாது. முஸ்லிம்களுக்கு மட்டும் 1977 முதல் தனிச் சட்டத்தில் விவாகரத்து உண்டு. மற்றவர்களுக்கு இல்லை. 2024 மே மாதம் கீழவையில் விவாகரத்து மசோதா ஒன்று நிறைவேறியது. மேலவையைத் தாண்டிச் சட்டமாகவில்லை.

கதை நடக்கும் காலத்தில் இருந்தது 1950 முதல் அமலில் இருந்த சிவில் சட்டம். குறுகிய காரணங்களுக்குத் திருமணம் செல்லாது என்று அறிவிக்கலாம். இல்லாவிட்டால் ‘சட்டப்படி பிரிந்து வாழ்தல்’ மட்டும்தான் வழி, அதிலும் மறுமணம் கிடையாது. அந்தப் பிரிவுக்கும் சட்டம் ஏற்ற காரணங்கள் இரண்டே: துரோகம், இல்லாவிட்டால் கொலை முயற்சி. துரோகத்துக்கும் இரு தராசு. மனைவி ஒரு முறை தவறினாலே குற்றம். கணவன் மேல் குற்றம் நிற்க வேண்டுமானால், அவன் வேறு பெண்ணை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும், அல்லது ஊர் சிரிக்க நடந்துகொள்ள வேண்டும், அல்லது அவளோடு வேறிடத்தில் குடித்தனம் நடத்த வேண்டும். தண்டனைச் சட்டம் சொல்வது ‘மனைவி அல்லாத பெண்’. ராபர்ட் போய்ச் சேர்ந்தது ஒரு ஆணிடம். ஆக, சில்வியாவுக்கு நடந்ததைச் சொல்வதற்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. 1987-இல் வந்த குடும்பச் சட்டம்தான் தன்பாலீர்ப்பைப் பிரிவுக்கான காரணமாகச் சேர்த்தது. அதைச் சேர்த்த விதத்தில் இருக்கும் வெறுப்பு தனிக் கதை.

அதனால் விமர்சனங்களில் ‘முன்னாள் கணவன்’ என்று படித்தால் நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாரிடெஸ் ஏன் இத்தனை நாள் பொறுத்துக்கிட்டா? கருத்தடை மாத்திரைகூடவா கிடைக்கலை?

மாத்திரை கிடைத்தது. கத்தோலிக்க நாடு, திருச்சபை எதிர்ப்பு என்பதால் கிடைத்திருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எழுபதுகளில் மார்கோஸ் அரசே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் நடத்தியது. மாரிடெஸைத் தடுப்பது மருந்துக்கடை அல்ல, வீடு. பிள்ளை பெறுவது அவள் தீர்மானிக்கும் விஷயமாகவே அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கணவனும் அவள் விருப்பத்தைக் கேட்பதில்லை. அவன் அவளைப் பலவந்தப்படுத்தும் காட்சியை மரிலூ எடுத்திருக்கும் விதத்தில் கிளுகிளுப்புக்கு இடமே இல்லை. கேத்தி பற்றிய பதிலில் சொன்ன படங்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

மேலே சொன்ன அதே சிவில் சட்டத்தின் 117-ஆம் பிரிவு இன்னும் வேடிக்கை. மனைவி எந்தத் தொழிலும் செய்யலாம் என்று தாராளமாகத் தொடங்கும். அடுத்த வரியில், கணவன் ஆட்சேபிக்கலாம் என்று வரும்: குடும்பத்துக்குப் போதிய வருமானம் அவனுக்கு இருந்து, அவன் எதிர்ப்புக்குத் தக்க காரணமும் இருந்தால். கவிதை எழுத நினைத்த பெண் எந்த மாதிரி நாட்டில் குடும்பம் நடத்தினாள் என்பதற்கு இந்த இரண்டு வரி போதும். கணவனே செய்தாலும் வன்புணர்வு குற்றம்தான் என்பதற்கு இடம் தந்த சட்டம் 1997-இல் வந்தது. அதிலும், மனைவி மன்னித்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பொறுத்துக்கொண்டே போகிறாளா என்றால், இல்லை. ஒரு கட்டத்தில் போதும் என்கிறாள். மீதியைத் திரையில் பாருங்கள்.

கதை எங்கேயும் போகலை. சும்மா சுத்திச் சுத்தி வருது. எனக்கு மட்டும்தான் போரடிக்குதா?

உங்களுக்கு மட்டும் இல்லை. இடைவேளைக்கு ஒரு திருப்பம், கிளைமாக்ஸுக்கு ஒரு பழிவாங்கல் என்று பழகியவர்களுக்கு இது தவிப்பாகத்தான் இருக்கும். நால்வரில் ஒருத்தியின் கதை சூடுபிடிக்கும்போது படம் இன்னொருத்தியிடம் தாவிவிடும். நடு முக்கால் மணி நேரத்தில் நீளம் இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் ஒன்று. தவறு செய்த பெண் கடைசியில் சாக வேண்டும், திருந்த வேண்டும், இல்லாவிட்டால் நல்லவன் ஒருவன் கையில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அந்நாளைய குடும்பப் படங்களின் எழுதாத விதி. ‘மோரல்’ நான்கு பேரில் ஒருத்தியைக்கூடத் தண்டிக்கவில்லை. தண்டனை இல்லாத கதைக்கு நேர்கோடு எங்கிருந்து வரும்?

ஹிமாலாவும் இதே வருஷம்தானே? ஏன் அதை மட்டும் எல்லாரும் பேசறாங்க?

அதே ஆண்டு, அதே விழா, எழுதியவரும் அதே ரிக்கி லீ. இஷ்மயேல் பெர்னால் இயக்கி நோரா ஔனோர் நடித்த ‘ஹிமாலா’ சிறந்த படமாகத் தேர்வானது. 2008-இல் சிஎன்என் நடத்திய வாக்கெடுப்பில் ஆசிய-பசிபிக் பகுதியின் எக்காலத்துக்கும் சிறந்த படம் என்ற பெயரும் பெற்றது. வறண்ட மலை, ஆயிரக்கணக்கில் பக்தர்கள், நடுவில் ஒரு சின்னப் பெண். அந்தப் பிரம்மாண்டத்தின் முன்னால் நாலு சிநேகிதிகள் உட்கார்ந்து பேசும் படம் எடுபடுவது கஷ்டம்தான். எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் மறுபடி பார் என்றால் ‘மோரல்’ பார்ப்பேன்.

எழுதினது ஆம்பளை. இதைப் போய்ப் பெண்ணியப் படம்னு எப்படிச் சொல்றீங்க?

நியாயமான கேள்வி. ஒரே படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் மரிலூவும் ரிக்கி லீயும் சேர்ந்து பெண்களை நடுவில் வைத்து மூன்று படம் செய்தார்கள்: ‘ப்ருட்டல்’ (1980), ‘மோரல்’ (1982), ‘கார்னல்’ (1983). முதலாவதில் கணவனையும் அவன் கூட்டாளிகளையும் கொன்ற பெண் வாயே திறக்க மறுக்கிறாள். ஏன் கொன்றாள் என்று தேடிப் போகிறாள் ஒரு பெண் பத்திரிகையாளர். மூன்றாவது 1930-களின் கிராமம், மருமகள் மேல் கண் வைக்கும் மாமனார். இரண்டிலும் ரத்தம் உண்டு. நடுவில் உள்ள இதில் கொலை செய்து தீர்க்கக்கூடிய பிரச்சினை எதுவும் இல்லை.

எழுத்து ஆணுடையதாக இருக்கலாம். யாரை எவ்வளவு நேரம் பார்ப்பது, எங்கே திரும்பிக்கொள்வது என்று முடிவு செய்தவர் மரிலூ. மாரிடெஸ் காட்சியைப் பற்றி மேலே சொன்னது அதைத்தான். அந்த நாட்டில் பெண்கள் இயக்கமும் படத்துக்காகக் காத்திருக்கவில்லை. ‘மகிபாகா’ அமைப்பு 1970-லேயே தொடங்கியது, அதைத் தொடங்கிய லொரேனா பாரோஸ் 1976-இல் கொல்லப்பட்டார். ‘காப்ரியேலா’ கூட்டமைப்பு 1984-இல் வந்தது. தெருவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பேச்சுதான் இந்தப் படத்துக்குள்ளும் வந்தது.

மூணுல எதை முதல்ல பார்க்கிறது? ரெண்டாம் பாகமும் இருக்காமே?

‘மோரல்’ முதலில், ‘கார்னல்’ கடைசியில். ‘கார்னல்’ பார்த்த இரவு தூக்கம் வராது, அதனால் சொல்கிறேன். 2003-இல் ‘நோன் அட் ஙயோன்’ என்ற பெயரில் தொடர்ச்சி வந்தது. இயக்குநரும் எழுத்தாளரும் அவர்களே, நால்வராக நடித்தவர்கள் வேறு. பாத்திரங்களோடு பாசம் வந்துவிட்டவர்கள் மட்டும் பார்க்கலாம். அவசரமில்லை.

இவங்க நாலு பேரும் காலேஜ் படிச்ச, சோத்துக்குக் கஷ்டமில்லாத பொண்ணுங்க. ஏழைப் பொண்ணுங்களுக்கு இந்தப் படத்துல என்ன இருக்கு?

அதிகம் இல்லை. இதைச் சுற்றி வளைத்துப் பூசி மெழுக நான் தயாராக இல்லை. மார்கோஸ் அரசு 1974 தொழிலாளர் சட்டத்தின் வழியாக ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை அரசுக் கொள்கையாகவே ஆக்கியிருந்தது. பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு அடுத்தவர் வீட்டில் வேலைக்குப் போகும் பெண்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. அது இந்த நால்வரின் கதைக்கு வெளியே நிற்கிறது. ஜோயிக்கு வீழ்வதற்கு இடமும், வீழ்ந்தபின் படுக்க மெத்தையும் இருந்தன.

ஆனாலும் சில்வியா பற்றிய பதிலிலும் மாரிடெஸ் பற்றிய பதிலிலும் சொன்ன சட்டங்கள் பணக்காரிக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்று எழுதப்பட்டவை அல்ல. படித்தவளுக்கே இந்தக் கதி என்று காட்டுவதிலும் ஒரு வேலை நடக்கிறது. அது போதாது என்று தோன்றுகிறவர்கள் லினோ ப்ரோக்காவின் ‘இன்சியாங்’ (1976) பாருங்கள். மணிலாவின் தோண்டோ குடிசைப் பகுதி, ஒரு அம்மா, ஒரு மகள், அம்மாவின் இளவயதுக் காதலன். 1978-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போன முதல் பிலிப்பைன்ஸ் படம் அது. பார்த்த கையோடு ஜோயியும் அவள் அம்மாவும் வரும் காட்சிகளை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அந்த அம்மா மேல் உங்களுக்கு முதலில் வந்த கோபம் இரண்டாம் முறை அதே அளவில் வருகிறதா என்று எனக்குச் சொல்லுங்கள், அதையும் இங்கே சேர்த்துவிடலாம்.